'அவரே சொல்லட்டும்' என்ற வக்கீல்

ஊர்க் கோயிலின் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம் எங்கள் கடையில் நிற்க இடம் இருக்காது. பந்தல் சாமான், நாற்காலி, மேஜை, அண்டா, கரண்டி எல்லாம் வாடகைக்கு விடுகிற கடை. அன்னதானம் போடுகிறவர்கள், வெளியூர் சொந்தங்களைத் தங்கவைக்கத் தெருவிலேயே கொட்டகை போடுகிறவர்கள் என்று ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். சாமானை ஏற்றி இறக்குவது, பந்தலுக்குக் கால் நடுவது எல்லாம் என் வீட்டுக்காரர் பொறுப்பு. போன் எடுப்பது, ஆர்டர் வாங்குவது, வாடிக்கையாளரிடம் பேசுவது என் பொறுப்பு. அவருக்குத் திக்குவாய். கல்யாணமான புதிதில் அவர் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது நான் அதை முடித்துவைத்தேன். அப்படியே பழகிவிட்டது. பிறகு எங்கள் இரண்டு பேருக்குமாக நானே பேசிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு குறையும் இருந்ததாக எனக்குத் தோன்றியதில்லை.

எங்கள் கடையை ஒட்டி ஓர் அரிசிக்கடை. அதன் முதலாளியும் நாங்களும் சண்டைக்காரர்கள் இல்லை. தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்து வாங்குகிற அளவுக்குப் பழக்கம் உண்டு. ஆனால் தெரு குறுகல். எங்கள் லோடு ஆட்டோ நின்றால் அவர் கடை வாசல் மறையும். அவருக்கு மூட்டை வந்தால் எங்கள் வாசல் மறையும். இரண்டு பக்கமும் முணுமுணுப்பு இருந்துகொண்டுதான் இருந்தது.

அன்றைக்குக் காலையில் ஒரே நேரத்தில் எங்கள் ஆட்டோவில் நாற்காலி ஏறிக்கொண்டிருக்கிறது, அவருக்கு மூட்டை வண்டி வந்து நிற்கிறது. நான் உள்ளே போனில் இருந்தேன். புளியங்குடியிலிருந்து ஒரு வீட்டார் எத்தனை ஷாமியானா, எத்தனை அண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே சத்தம் கேட்டது. "வண்டிய எடுக்கீரா வே, இல்ல நான் எடுக்கட்டுமா?" என்று அரிசிக்கடைக்காரர் கத்துவது காதில் விழுந்தது. அப்புறம் நாற்காலிகள் சடசடவென்று விழுகிற சத்தம். நான் போனை வைத்துவிட்டு ஓடிவந்து பார்த்தபோது அவர் தன் கடைப்படியில் கையை மடக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் நாற்காலிகள் ரோட்டில் கிடந்தன. என் வீட்டுக்காரர் அவரைத் தூக்கிவிடக் குனிந்தார். அவர் "தொடாத!" என்று உதறினார்.

மணிக்கட்டு வீங்கிவிட்டது. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், அங்கிருந்து ஸ்டேஷனுக்குப் போனார்கள். சாயங்காலம் எங்களுக்கு அழைப்பு வந்தது. ஜாமீன் கொடுக்கிற குற்றம்தான் என்பதால் என் அண்ணனும் தெருவில் இன்னொரு கடைக்காரரும் கையெழுத்துப் போட்டு அன்றே வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். கையில் எஃப்.ஐ.ஆர். நகல் கொடுத்திருந்தார்கள். பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டினார், கையால் அடித்துக் காயம் ஏற்படுத்தினார், கொன்றுவிடுவதாக மிரட்டினார் என்று இருந்தது. திட்டிய வார்த்தைகளை வரிசையாக எழுதியிருந்தார்கள். மூச்சுவிடாமல் சொன்னால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

என் வீட்டுக்காரர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். "இ... இதெல்லாம் நா... நான் எப்பம் சொன்னேன்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. அந்த வரியில் இருந்த முதல் வார்த்தையிலேயே அவர் நின்றுபோயிருப்பார்.

சில மாதம் கழித்துச் சம்மன் வந்தது. கொண்டுவந்த போலீஸ்காரர் நல்ல மாதிரி. "இது சின்னக் கேஸும்மா. கோர்ட்டுல போயி ஒத்துக்கிட்டு பைனக் கட்டிட்டு வந்துருங்க. ஒரே நாள்ல முடிஞ்சிரும். கேஸ நடத்தணும்னு போனா நடையா நடக்கணும்" என்றார். தெருவில் விசாரித்தவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

என் அண்ணன் ராஜபாளையத்தில் இருக்கிறான். எங்களுக்கு ஒன்று என்றால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பான். அவன்தான் எங்களை முதலில் ஒரு பெரிய வக்கீலிடம் கூட்டிப்போனான். ஆபீஸ் முழுக்க ஆட்கள். எங்கள் முறை வந்தபோது அவர் "என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்றார். என் வீட்டுக்காரர் "அ... அ... அன்னைக்கு..." என்று தொடங்கினார். வக்கீல் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பி "நீங்க சொல்லுங்கம்மா" என்றார். நான் சொன்னேன். அவர் பாதி கேட்டார், பாதி போனைப் பார்த்தார். "ஒத்துக்கிட்டுப் போயிருங்க, அதான் நல்லது" என்று முடித்துவிட்டார். அவரைத் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். ஆனால் வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் தலையை ஆட்டிவிட்டார், வேண்டாம் என்று.

வாய்தா அன்றைக்கு வக்கீல் இல்லாமலேதான் கோர்ட்டுக்குப் போனோம். நீதிபதி வக்கீல் வைத்துக்கொள்ள அவகாசம் கொடுத்து வேறு தேதி போட்டார். வெளியே வந்து நின்றோம். வராந்தா ஓரத்தில் ஒரு பெண் வக்கீல் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். முப்பது வயதுதான் இருக்கும். தலையில் கறுப்பு முக்காடு, மேலே கோட்டு, கழுத்தில் வெள்ளைப் பட்டை. பெஞ்சில் இருந்த ஒரு பெரியவருக்குக் காது கேட்கவில்லை. அவர் காதருகே வாயை வைத்து, உள்ளே என்ன நடந்தது என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர் மறுபடி கேட்டார். அதே அளவு பொறுமையோடு மறுபடி சொன்னார். பெரியவர் மூன்றாவது தடவையும் கேட்டார். நடுவே இன்னொரு வக்கீல் வந்து ஏதோ அழைத்தார். "இவரு வெளங்கிக்கிட்டதும் வாரேன்" என்று சொல்லிவிட்டு, பெரியவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் அங்கேயே முடிவு செய்துவிட்டேன். கோர்ட்டு வாசலில் டைப் அடிப்பவரிடம் கேட்டதற்கு, கடையநல்லூர்க்காரர், தினமும் பஸ்ஸில் வந்து போகிறார், ஆபீஸ் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் என்று சொன்னார்.

அண்ணனுக்கு மனசில்லை. "ஏட்டி, சின்னப் பொண்ணா இருக்கு. போலீஸ் கேஸு. கம்பீரமா ஒரு ஆளு வேண்டாமா?" என்றான்.

"பேசிப் பாப்போம்ணே. பிடிக்கலன்னா வந்துருவோம்."

மறுநாள் சாயங்காலம் மூன்று பேரும் போனோம். சின்ன அறை. ஒரு மேஜை, நான்கு நாற்காலி, சுவர் நிறையச் சட்டப் புத்தகம். ஜன்னலுக்கு வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. வக்கீலம்மா எஃப்.ஐ.ஆரை முழுவதும் படித்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "சொல்லுங்க அண்ணாச்சி. காலையில கடை தொறந்ததுல இருந்து சொல்லுங்க" என்றார்.

அவர் தொடங்கினார். இரண்டாவது சொல்லில் நின்றது. தாடை இறுகி, கழுத்து நரம்பு புடைத்தது. நான் வழக்கம்போல, "அது என்னன்னா மேடம், அன்னைக்கு லோடு ஏத்திக்கிட்டு இருந்தாங்க..." என்று ஆரம்பித்தேன்.

வக்கீலம்மா கையை லேசாக உயர்த்தினார். கோபமில்லை, சிரித்த முகம்தான். "அக்கா, அவரே சொல்லட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு சொன்னார். எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. நடுவில் அண்ணன் இரண்டு தடவை இடத்தைவிட்டு எழுந்து நின்று உட்கார்ந்தான். வக்கீலம்மா ஒரு தடவைகூட அவருக்குச் சொல் எடுத்துக் கொடுக்கவில்லை. தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்ததால் என் வீட்டுக்காரர் முகத்தை யாரும் உற்றுப் பார்க்கிற தொந்தரவும் இல்லாமல் போனது. அது தற்செயலா, தெரிந்தே செய்ததா என்று பின்னால் பல தடவை யோசித்திருக்கிறேன். தெரிந்தேதான் செய்திருப்பார்.

அந்த அறையில்தான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. அரிசிக்கடைக்காரர் வண்டியை எடுக்கச் சொன்னபோது இவர் "இ... இ... இந்தா எடுக்கேன்" என்று சொல்ல வந்திருக்கிறார். சொல் வரவில்லை. மூட்டைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க அரிசிக்கடைக்காரர், "இ... இ... இ... என்ன வே?" என்று அதேபோல் செய்துகாட்டிவிட்டு, அடுக்கியிருந்த நாற்காலிகளை இழுத்து ரோட்டில் போட்டிருக்கிறார். மறுபடி நாற்காலியில் கைவைத்தபோது இவர் அந்தக் கையைத் தட்டிவிட்டிருக்கிறார். அவருடைய கடைப்படி அப்போதுதான் கழுவி ஈரமாக இருந்தது. வழுக்கி விழுந்துவிட்டார்.

இத்தனை மாதத்தில் அவர் என்னிடம் இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

வக்கீலம்மா பேனாவை மூடினார். "நான் ரெண்டு வழியும் சொல்லுதேன். நீங்க யோசிச்சுக்கிடுங்க. ஒத்துக்கிட்டா அன்னைக்கே முடிஞ்சிரும், பைனும் சின்னதுதான். ஆனா குற்றவாளின்னு தீர்ப்பாயிரும். பின்னால பாஸ்போர்ட்டு, கவர்மெண்டு டெண்டர்னு போலீஸ் சான்று கேக்கற எடத்துல அது வந்து நிக்கும். கேஸ நடத்துனா அலைச்சல். மாசக் கணக்குல இழுக்கும். ஜெயிப்போம்னு இப்ப சத்தியம் பண்ண முடியாது. ஆனா நீங்க சொன்னத வச்சுப் பாத்தா நடத்தலாம்."

அவருடைய பீஸ் எவ்வளவு என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார். கடைசிவரை அதற்கு மேல் கேட்கவில்லை.

"வீட்டுல போயிப் பேசிட்டு நாளைக்கு..." என்று அண்ணன் தொடங்கினான்.

"ந... நடத்துவோம்" என்றார் என் வீட்டுக்காரர்.

அடுத்த தடவை போனபோதுதான் அந்தச் சங்கடம் வந்தது. அண்ணன் வழியிலேயே என்னிடம் ஒரு யோசனை சொல்லியிருந்தான். யாரோ ஒரு கூட்டாளி சொல்லிக்கொடுத்ததாம். அரிசிக்கடைக்காரர் அன்றைக்கு என் கையைப் பிடித்து இழுத்தார் என்று நான் ஒரு புகார் கொடுத்துவிட வேண்டும். பொம்பளைப் புகார் என்றால் அவன் நடுங்கிப்போய் சமாதானத்துக்கு வந்துவிடுவான், இரண்டு கேஸையும் சேர்த்து முடித்துக்கொள்ளலாம் என்றான். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எங்களுக்காகக் கையெழுத்துப் போட்டவன், வேலையைப் போட்டுவிட்டு ஓடி ஓடி வருகிறவன். அவன் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்த மாடிப்படி வரை பேசாமலே நடந்தேன்.

அண்ணன் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான். வக்கீலம்மா முழுக்கக் கேட்டார். முகத்தில் எதுவும் காட்டவில்லை. "அண்ணே, நீங்க ரெண்டு பேரும் கீழ போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. நான் அக்காகிட்ட கொஞ்சம் பேசணும்" என்றார்.

அவர்கள் இறங்கிப் போனதும் என்னைப் பார்த்து, "நீங்க அப்ப வெளிய இருந்தீங்களா அக்கா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம். போன் பேசிக்கிட்டு இருந்தேன்."

"அவரு ஒங்க கையப் பிடிச்சாரா? அன்னைக்குன்னு இல்ல, என்னைக்காவது?"

"அவரு அப்படிப்பட்டவரு இல்ல. கோவக்காரரு, அவ்வளவுதான். என்னைய மதினின்னுதான் கூப்பிடுவாரு."

"சரி" என்றார். மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குப் புத்தி சொல்லவும் இல்லை. பொய்ப் புகார் பாவம் என்றோ, சட்டப்படி தப்பு என்றோ பேசவில்லை. தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அண்ணனும் வீட்டுக்காரரும் மேலே வந்ததும் வக்கீலம்மா நேராக அண்ணனைப் பார்த்துப் பேசினார். "அண்ணே, நீங்க சொன்ன மாதிரி நான் செய்யுறதில்ல. அந்தப் புகார் கொடுக்கணும்னா நீங்க வேற வக்கீலப் பாத்துக்கிடுங்க. கேஸ் கட்ட இப்பவே தந்திருதேன். ஒரு வருத்தமும் இல்ல."

"ஏன் மேடம்? நம்ம பக்கம் பலம்தானே?"

"இருக்கலாம். எனக்கு ஒத்து வராது."

அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. அவனுடைய கோபமெல்லாம் அந்தப் பெண்ணின் மேல். படி இறங்கும்போது, "என்ன திமிரு பாத்தியா! நாம சொல்லத அவ கேக்கணுமா, அவ சொல்லத நாம கேக்கணுமா?" என்று பொருமிக்கொண்டே போனான். பஸ் ஏறும்வரை அந்தப் பேச்சுதான்.

ராத்திரிச் சமையல் முடித்துப் பாத்திரம் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. "ஒங்க தங்கச்சியே அப்படி நடக்கலன்னு சொல்லுதாங்க" என்று அவர் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். வேலை முடிந்திருக்கும். ஆனால் எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் அது கிடந்திருக்கும். அதைச் சொல்லாமல், வேண்டாம் என்பதைத் தன்னுடைய வேண்டாமாக ஆக்கிக்கொண்டு, ஏச்சையும் தானே வாங்கிக்கொண்டார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். அவரை எனக்கு அதுவரை பிடித்திருந்தது. அன்றிலிருந்து மதிப்பு என்றால் அப்படி ஒரு மதிப்பு.

வீட்டுக்காரரிடம் நான் நடந்ததைச் சொன்னேன். அவர் "வ... வக்கீல மா... மாத்த வேண்டாம்" என்றார். அண்ணனிடம் அவரே போனில் பேசினார். அவர் போனில் பேசுவது அபூர்வம். நான் வாங்கிப் பேசக் கை நீட்டினேன். அவர் தரவில்லை.

அதற்கப்புறம் வாய்தா வாய்தாவாகப் போனோம். சில நாள் சாட்சி வரவில்லை, சில நாள் நீதிபதி லீவு. வக்கீலம்மா ஒவ்வொரு தடவையும் வெளியே வந்து, இன்றைக்கு இது நடந்தது, அடுத்த தடவை இது நடக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் போவார். பக்ரீத்துக்கு மறுநாள் வாய்தா இருந்தபோதுகூட வந்திருந்தார்.

விசாரணைக்கு முன்னால் அவர் என் வீட்டுக்காரரிடம் ஒரு விஷயம் கேட்டார். என்னை வைத்துக்கொண்டு இல்லை, ஆனால் மறைக்கவும் இல்லை, வீட்டுக்காரரே வந்து என்னிடம் சொன்னார். "அண்ணாச்சி, இவ்வளவு வார்த்தையையும் நீங்க கடகடன்னு திட்டுனதா எழுதியிருக்கு. நீங்க பேசறத கோர்ட்டு கேட்டா, அது நடக்காத காரியம்னு அந்த நிமிஷமே தெரிஞ்சிரும். டாக்டர் சர்ட்டிபிகேட்டும் வாங்கலாம். ஆனா ஒங்களுக்கு அது சரின்னு பட்டாத்தான்" என்று கேட்டிருக்கிறார். இவர் முடியாது என்று தலையாட்டியிருக்கிறார். தன் வாயைக் காட்டித் தப்பிக்க இவருக்கு மனம் ஒப்பவில்லை. "சரி அண்ணாச்சி, அத விட்டுருவோம். வேற வழி பாப்போம்" என்று சொன்னதோடு சரி. அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை.

அரிசிக்கடைக்காரர் சாட்சிக் கூண்டில் ஏறிய அன்று கோர்ட்டில் கூட்டம். அவர் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டே நின்றார். அரசு வக்கீல் கேட்டபோது புகாரில் உள்ளதைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு எங்கள் வக்கீலம்மா எழுந்தார். குறுக்கு விசாரணை என்றால் மேஜையைத் தட்டுவார்கள், விரலை நீட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். இவர் வராந்தாவில் அந்தப் பெரியவரிடம் பேசிய அதே குரலில் கேட்டார்.

"ஒங்க கடைப்படிய அன்னைக்குக் காலையில கழுவியிருந்தீங்களா?"

"ஆமா."

"அடுக்கியிருந்த நாற்காலிய எடுத்து ரோட்டுல போட்டது யாரு?"

"நான்தான்."

"இந்தப் புகார உங்க கைப்பட எழுதுனீங்களா?"

"இல்ல. எங்க சொந்தக்காரர் ஒருத்தர் எழுதித் தந்தாரு. நான் கையெழுத்துப் போட்டேன். கை வலியில இருந்தேன், வாசிச்சுப் பாக்கல."

"அதுல இருக்கற வார்த்தையெல்லாம் இவரு சொன்னாரா?"

அரிசிக்கடைக்காரர் அப்போதுதான் முதல்முறையாக என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "இல்ல" என்றார் அவர்.

"கொன்னுருவேன்னு மிரட்டுனாரா?"

"இல்ல."

"அடிச்சாரா?"

"கையத் தட்டிவிட்டாரு. படியில வழுக்கிட்டுது."

வக்கீலம்மா உட்கார்ந்துவிட்டார். இவர் திக்குவதைச் செய்துகாட்டிய விஷயத்தைக் கேட்பார், எல்லோர் முன்னாலும் அந்த மனிதரைத் தலைகுனிய வைப்பார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் அதற்காக ஏங்கிக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும், ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன்.

"அது கேஸுக்குத் தேவையில்லக்கா. கேட்டா அவருக்கு வெக்கம், ஒங்க வீட்டுக்காரருக்கு வலி. நாளைக்கும் நீங்க பக்கத்துப் பக்கத்துக் கடைதானே?"

நாங்கள் அந்தப் பொய்ப் புகாரைக் கொடுத்திருந்தால் அந்த மனிதர் அன்று கூண்டில் இப்படிப் பேசியிருப்பாரா என்று நினைத்துப் பார்த்தேன். தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லியிருப்பார். நானும் சொல்லியிருப்பேன்.

சாட்சிகள் முடிந்த பிறகு, சாட்சியங்களைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று நீதிபதி குற்றம் சாட்டப்பட்டவரிடம் கேட்பார். "பொய்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் அண்ணாச்சி" என்று வக்கீலம்மா முன்பே சொல்லி வைத்திருந்தார். நீதிபதி கேட்டார். என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, "ஐ... ஐயா, நா... நான் கொ... கொஞ்சம் சொல்லணும்" என்றார்.

வக்கீலம்மா திடுக்கிட்டது எனக்குத் தெரிந்தது. ஆனால் தடுக்கவில்லை.

அவர் பேசினார். கையைத் தட்டியது நிஜம் என்றார். அடிக்க நினைக்கவில்லை, அவர் விழுந்தது தனக்கும் சங்கடம்தான் என்றார். திட்டவில்லை, மிரட்டவில்லை என்றார். இவ்வளவுதான். ஆனால் அந்த நான்கு வாக்கியத்துக்கு அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். "மிரட்டல" என்ற சொல்லில் 'மி' வரவே இல்லை. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நீதிபதி தலையைத் தூக்கிப் பார்த்ததும் அடங்கிவிட்டது. தட்டச்சு செய்கிறவர் கையை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். வக்கீலம்மா என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் நேராக நின்றார். இவரைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. தனக்கு அன்றைக்கு வேறு கேஸே இல்லாததுபோல நின்றார். எனக்கு நாக்கு நுனியில் அந்தச் சொல் நின்றது. நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். கடைசியில் சொல் வந்துவிட்டது.

வெளியே வந்ததும் வக்கீலம்மா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "பயங்காட்டிட்டீங்க அண்ணாச்சி! அரசு வக்கீல் அந்தக் கையத் தட்டுனதப் பிடிச்சுத் தொங்கியிருந்தா என்ன செய்ய?" என்றார். பிறகு சிரித்துவிட்டார். "ஆனா நல்லாச் சொன்னீங்க. நான் சொல்லியிருந்தா இவ்வளவு நல்லா வந்திருக்காது."

என் வீட்டுக்காரர் வெட்கப்பட்டுச் சிரித்தார். கல்யாணப் பந்தலில் உட்கார்ந்திருந்தபோது அவர் முகம் இருந்த மாதிரி இருந்தது.

தீர்ப்பு அன்று எங்கள் பெயரைக் கூப்பிட்டதும் தெரியவில்லை, முடிந்ததும் தெரியவில்லை. நீதிபதி இரண்டு வரி வாசித்தார். வக்கீலம்மா திரும்பி, "விடுதலை" என்று உதட்டை அசைத்தார். வெளியே வந்து என்ன காரணத்துக்காக விடுதலை என்பதை ஒவ்வொரு பிரிவாக விளக்கினார், நாங்கள் கேட்காமலேயே. நகல் எப்போது கிடைக்கும், அதை எங்கே பத்திரமாக வைக்க வேண்டும் என்று சொன்னார். நான் கொண்டுபோயிருந்த அல்வாவை வாங்கிக்கொண்டு, "உம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று பைக்குள் வைத்தார். அதற்குள் இன்னொரு கேஸுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். கோட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே ஓடினார். நன்றி என்று நான் ஒழுங்காகச் சொல்லவே இல்லை.

அண்ணனுக்குப் போன் போட்டதும், "பரவால்லயே, அந்தப் பொண்ணு" என்றான். அவனிடமிருந்து அது பெரிய பாராட்டு. அரிசிக்கடைக்காரருக்கும் எங்களுக்கும் பழைய பழக்கம் வரவில்லை. பலகாரம் கொடுத்து வாங்குவது நின்றது நின்றதுதான். ஆனால் லோடு ஏற்றுவதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் போய் நேரம் சொல்லிவிட்டு வருகிறார், அவரும் கேட்டுக்கொள்கிறார். சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்கிறார் என்பதை நான் கல்லாவில் இருந்தே பார்க்கிறேன்.

இப்போது தெருவில் யாருக்கு என்ன கேஸ் என்றாலும் என்னிடம் வந்து வக்கீல் நம்பர் கேட்கிறார்கள். நானும் பெருமையாகக் கொடுக்கிறேன். போன மாதம் பின்தெருவிலிருந்து ஒருத்தி வந்தாள். பக்கத்து வீட்டு முருங்கைக் கிளை இவள் வீட்டு ஓட்டின் மேல் விழுந்து, வாய்த்தகராறு முற்றி, ஸ்டேஷனுக்குப் போவேன் என்று இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். நம்பர் கொடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏக்கா, நீ சொன்ன வக்கீலு கேஸே எடுக்க மாட்டேங்காங்க. இதுக்கு நான் வேண்டாம், அந்த வீட்டுல போயி உக்காந்து பேசுங்க, பேசி முடியலன்னா வாங்கன்னு அனுப்பிட்டாங்க."

"பேசுனியா?"

"பேசுனேன். கிளைய வெட்டிருதோம், ஓட்டையும் மாத்தித் தாரோம்னுட்டாங்க."

"அப்புறம் என்னட்டி?"

"ஒண்ணுமில்ல" என்றாள். ஒரு கேஸ் போடக் கிளம்பியவளுக்கு அது கைநழுவிப் போன வருத்தம் முகத்தில் அப்படியே இருந்தது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவளுக்கு உட்கார ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டேன்.